அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி கனடாவுக்கு வருமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். குடும்பத்தோடு கனடா வந்து இரண்டு வருடம் ஆகிறது. டொரன்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நிரந்தர வசிப்புரிமை உண்டு. குடியுரிமைக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் அப்பா பெயரில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காகத் தாத்தா காலத்தில் வாங்கியது. அப்பாவுக்கு 72 வயது. "என்னால் இனி ஸ்டேஷனுக்கு அலைய முடியாது, நீ எடுத்துக்கொண்டு போ" என்கிறார். இங்கே என்னோடு வேலை பார்க்கும் கனடா நண்பர் வருடாவருடம் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறார். என்னையும் கூப்பிடுகிறார். துப்பாக்கி வாங்கக் குடியுரிமை வேண்டுமா? ஊர்த் துப்பாக்கியைக் கொண்டுவர முடியுமா? போன மாதம் பக்கத்துத் தெருவில் கார் சாவி கேட்டு வீடு புகுந்து மிரட்டியிருக்கிறார்கள். ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் தைரியமாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. மனைவிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. ஆறு வயதில் மகன் இருக்கிறான். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட வேண்டாம், ஏஜாக்ஸ், ஒன்டாரியோ

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தம்பி. கைத்துப்பாக்கி ஆசையை இன்றோடு விட்டுவிடுங்கள். 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்க முடியாது, விற்க முடியாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. 2023 டிசம்பரில் அதை நாடாளுமன்றச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஒலிம்பிக் பிரிவுகளில் பயிற்சி எடுப்பவர்கள், சுமந்து செல்ல விசேஷ அனுமதி உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நீங்களும் நானும் அந்தக் கணக்கில் வரமாட்டோம்.

சரி, ஒரு ஷாட்கன்னையாவது பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்தபடியாகத் தோன்றும். நான் நடத்தும் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் இதைத் தேநீர் இடைவேளையில் தனியாக வந்து கேட்பார்கள். சட்டப்படி அந்த ஷாட்கன் வீட்டில் தோட்டா இல்லாமல், பூட்டிக் கிடக்க வேண்டும். தோட்டாவையும் தனியாக வைக்க வேண்டும், அல்லது பூட்டி வைக்க வேண்டும். கதவை உடைத்துக்கொண்டு வருகிறவன் நீங்கள் இரண்டு பூட்டைத் திறக்கும்வரை ஹாலில் உட்கார்ந்திருக்கமாட்டான். அப்படியில்லாமல் தோட்டா போட்டுத் தலைமாட்டில் சாய்த்து வைத்திருந்தீர்களானால், திருடனைப் பிடிப்பதற்கு முன்னால் போலீஸ் உங்களைப் பிடிக்கும். ஆறு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அதைப் பற்றி மேலே பேசவே எனக்கு விருப்பமில்லை. பயத்துக்கு மருந்து கதவுக்கு நல்ல பூட்டு, வாசலில் கேமரா. வேட்டையும் விளையாட்டும் வேறு விஷயம். அதற்கு நீங்கள் தாராளமாக வரலாம்.

குடியுரிமை தேவையில்லை. 18 வயது நிறைந்து கனடாவில் வசிக்கிறவர் யாரும் விண்ணப்பிக்கலாம். நம் ஊரில் லைசென்ஸ் புத்தகத்தில் இன்ன துப்பாக்கி, இன்ன எண் என்று எழுதியிருக்கும். இங்கே லைசென்ஸ் ஆளுக்குத்தான். பி.ஏ.எல். என்று சொல்வார்கள், ஓட்டுநர் உரிமம் மாதிரி புகைப்படத்தோடு ஓர் அட்டை, ஐந்து வருடம் செல்லும். அது இருந்தால் கட்டுப்பாடு இல்லாத வகையைச் சேர்ந்த ரைஃபிள், ஷாட்கன் எதையும் வாங்கலாம். அது இல்லாமல் ஒரு பெட்டி தோட்டாகூட எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். நீண்ட துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேட்டை 2012-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் கியூபெக் மாகாணம் தனக்கென்று ஒன்றை 2018-ல் கொண்டுவந்தது. நாளை வேலை மாறி மான்ட்ரியால் போனால் இதை நினைவில் வையுங்கள். எங்கே குடிபெயர்ந்தாலும் புது முகவரியை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

விண்ணப்பப் படிவம் நம்மவர்களைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். கடந்த இரண்டு வருடத்தில் விவாகரத்து, பிரிவு, வேலையிழப்பு, திவால் ஏதாவது நடந்ததா என்று கேட்பார்கள். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், குடி, வீட்டில் சண்டை பற்றியெல்லாம் கேள்வி இருக்கும். புதிதாக வந்தவர்களில் வேலை போகாதவர் யார்? "ஆமாம்" என்று எழுதினால் உடனே நிராகரித்துவிடுவார்கள் என்று பயந்து "இல்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். "ஆமாம்" என்றால் ஓர் அதிகாரி போன் செய்து விளக்கம் கேட்பார், அவ்வளவுதான். தெரிந்தே பொய் எழுதுவதுதான் குற்றம். 2021-லிருந்து கடந்த ஐந்து வருடத்தை மட்டும் அல்ல, முழு வாழ்க்கையையுமே பார்க்கிறார்கள். உங்களைத் தெரிந்த இரண்டு பேரைச் சான்றுக்குக் காட்ட வேண்டும். முதல் லைசென்ஸுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

அதே படிவத்தில் உங்கள் மனைவி கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. இப்போதைய துணைவர் மட்டுமல்ல, கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்தவர் இருந்தால் அவரும். கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடாது. ஆனால் அதிகாரிகள் அவருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அவர் மனதில் இருப்பதையும் கேட்பார்கள். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியால் பொறியியல் கல்லூரி ஒன்றில் 14 பெண்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். இந்த நாட்டின் இன்றைய துப்பாக்கிச் சட்டம் அதற்குப் பிறகு எழுந்த கோபத்தில் உருவானது, 1995-ல் நிறைவேறியது. வீட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு வார்த்தை சொல்ல இடம் வைத்ததை நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஆகவே தங்கச்சிக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. அவரையும் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள் என்பது என் யோசனை. வந்து பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், வேண்டாம்.

பி.ஏ.எல். கேட்பதற்கு முன் தேற வேண்டிய பாதுகாப்பு வகுப்பு முழுதாக ஒரு நாள். கடைசியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. இரண்டிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நம் ஆட்கள் தேறிவிடுவார்கள், பரீட்சைக்குப் பிறந்தவர்கள் அல்லவா. செய்முறையில்தான் சறுக்கல். மேசையில் போல்ட், பம்ப், லீவர், மடக்குத் துப்பாக்கி, செமி ஆட்டோமேட்டிக் என்று வகைக்கொன்று கிடக்கும். தோட்டாக்கள் போலி. ஒன்றை எடுக்கச் சொன்னதும் சினிமா நாயகன் மாதிரி ஆள்காட்டி விரல் நேராகப் போய் விசையில் உட்காரும். குழல் பக்கத்தில் நிற்கிறவர் வயிற்றைப் பார்க்கும். அங்கேயே மார்க் போய்விடும். விரல் விசைவளையத்துக்கு வெளியே குழலோடு ஒட்டி நேராக நீண்டிருக்க வேண்டும். துப்பாக்கி காலி என்று எதிரில் இருப்பவர் சொன்னாலும் நம்பக்கூடாது: குழலை ஆபத்தில்லாத திசைக்குத் திருப்பி, தோட்டாவை எடுத்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, தோட்டா வரும் பாதையையும் சோதித்து, கடைசியில் குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலி தாண்டுவதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

இனி அப்பாவின் துப்பாக்கி. சட்டம் வாசலை அடைக்கவில்லை. குழலை அறுத்துக் குட்டையாக்காத சாதாரண இரட்டைக்குழல், கனடாவில் கட்டுப்பாடு இல்லாத வகைதான். உங்களுக்கு பி.ஏ.எல். வந்த பிறகு, இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக 1959 ஆயுதச் சட்டப்படி தனி அனுமதி வாங்கி, விமான நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்து, இங்கே சுங்கத்தில் அறிவித்துக் கொண்டுவரலாம். ஆனால் நான் கொண்டுவரமாட்டேன். அலைச்சலும் செலவும் மட்டும் காரணமல்ல. தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம்தான். இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டே முக்கால், மூன்று அங்குலத் தோட்டாக்கள். உள்ளே போட்டால் போகும், மூடினால் மூடும். வெடிக்கும்போதுதான் தோட்டாவின் நுனி மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். அந்தக் காலத்துக் குழல் அதைத் தாங்கும் என்று எந்தத் துப்பாக்கி மெக்கானிக்கும் சோதிக்காமல் சொல்லமாட்டார். அதோடு, கனடாவில் வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது, ஈயம் கலக்காத ரவை வேண்டும். அதில் மலிவாகக் கிடைப்பது எஃகு ரவை. பழைய மென்மையான குழலின் வாயை அது கீறிப் பாழாக்கும். வந்து சேர்ந்தாலும் அது அலமாரியில்தான் நிற்கப் போகிறது.

அப்பாவுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசு ஒருவரைச் சொல்லி, அவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். ஊரில் இருக்கிற அண்ணனோ தம்பியோ அக்காவோ அதற்குப் பொருத்தம். ஆண்டுக்கொரு முறை லீவில் வருகிற நீங்கள் அல்ல. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிந்ததும் போய் எடுக்க வேண்டும், லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் உள்ளூர் ஆள் செய்கிற வேலை. யாருக்கும் வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. லைசென்ஸ்தாரர் காலமான பிறகு துப்பாக்கி வீட்டிலேயே கிடந்தால் மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தான் தலைவலி. லீவில் போய்த் திரும்பும்போது ஊரிலிருந்து ஏர்கன் வாங்கி வரலாம் என்றும் நினைக்காதீர்கள். நொடிக்கு 152.4 மீட்டர் வேகத்தையும் 5.7 ஜூல் சக்தியையும் இரண்டையும் தாண்டினால், இங்கே ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் வேண்டும்.

நண்பரோடு வேட்டைக்குப் போக பி.ஏ.எல். மட்டும் போதாது. வேட்டை மாகாண அரசின் கையில் இருக்கிறது. ஒன்டாரியோவின் வேட்டைக் கல்வி வகுப்பில் தேறி, அவுட்டோர்ஸ் கார்டு வாங்கி, அதன்மேல் மானுக்கு லைசென்ஸும் டேக்கும் எடுக்க வேண்டும். துப்பாக்கி வகுப்பையும் வேட்டை வகுப்பையும் சேர்த்து ஒரே வார இறுதியில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்தால் அலைச்சல் மிச்சம். பி.ஏ.எல். வாங்குவதற்கு முன்னால் ஒரு சீசன் பழக வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. வேட்டைப் பயிற்சியாளர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேட்டைக் கல்வி வகுப்பில் தேறிய, 12 வயது நிறைந்த யாரும், லைசென்ஸ் உள்ள வழிகாட்டியோடு ஒரே துப்பாக்கியைப் பகிர்ந்துகொண்டு வேட்டையாடலாம். பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் நண்பர் சம்மதித்தால் சொந்தத் துப்பாக்கி வாங்காமலே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

காட்டில் போலீஸைவிட வனவிலங்கு அதிகாரியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அவர் முதலில் பார்ப்பது காருக்குள். ஒன்டாரியோ விதிப்படி அறையில் தோட்டா இல்லாவிட்டாலும், துப்பாக்கியில் மாட்டிய மேகசினில் தோட்டா இருந்தால் அது நிரப்பிய துப்பாக்கிதான். காருக்குள் அது கூடாது. சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்னாலிருந்து மறைந்து அரைமணி ஆகும்வரைதான் வேட்டை. மற்ற நேரத்தில் உறைக்குள் இருக்க வேண்டும். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசனில் இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரியும்படி 2,580 சதுர செ.மீ. பளீர் ஆரஞ்சு, தலையிலும் ஆரஞ்சு. ஃபிரெஞ்ச், மத்தாவா ஆறுகளுக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வேட்டைக்குச் சில நகராட்சிகளில் அனுமதி, சிலவற்றில் இல்லை. எந்த ஊரில் எந்தத் துப்பாக்கி செல்லும் என்பதும் இடத்துக்கிடம் மாறும். அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதித் தொகுப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலி இல்லாத நிலமெல்லாம் பொது நிலம் அல்ல; விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். சீசன் முடிந்ததும் டேக் வாங்கியவர்கள் அறிக்கை தர வேண்டும். மான் கிடைக்காவிட்டாலும், காட்டுப் பக்கமே போகாவிட்டாலும் தர வேண்டும்.

மான் கறியை விற்கக்கூடாது. நண்பர்களுக்குக் கொடுக்கலாம். கொழுப்பு இல்லாத கறி அது. ஆட்டுக்கறி என்று நினைத்து அடுப்பில் வைத்தால் நார் நாராகிவிடும். மிளகும் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

வேட்டை மனசுக்கு ஒவ்வவில்லை என்றால் டிராப் சுடுங்கள். உங்கள் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது அதுதான். பள்ளத்தில் இருக்கும் இயந்திரம் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக, எந்தக் கோணம் என்று சொல்லாமல், சுமார் 11 செ.மீ. அகலத் தட்டை வீசும். தட்டை வீசச் சொல்லி நீங்கள் கத்திய குரல் அடங்குவதற்குள் அது தூரத்தில் ஆரஞ்சுப் பொட்டாகிவிடும். 25 தட்டு ஒரு சுற்று. முதல் சுற்றில் ஆறேழு உடைந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். பல கிளப்களில் வாடகைத் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கவனித்தால் லைசென்ஸ் இல்லாதவரும் சுட்டுப் பார்க்கலாம். தங்கச்சியை முதலில் அழைத்துப் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

என்றாவது வாங்குவதானால் 20 கேஜ் பம்ப் ஷாட்கன் ஒன்று, அல்லது பயிற்சிக்கு .22 போல்ட் ரைஃபிள். ராணுவச் சாயல் உள்ள செமி ஆட்டோமேட்டிக் எதையும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். 2020 மே 1-ம் தேதி ஒரே உத்தரவில் சுமார் 1,500 மாடல்களைத் தடை செய்தார்கள். 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் பட்டியல் இன்னும் நீண்டது. கடையில் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவர்கள் அதைச் சுடவும் முடியாமல் விற்கவும் முடியாமல் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் சரியா தப்பா என்று இங்கே தேர்தலுக்குத் தேர்தல் சண்டை நடக்கும். நம் காசை அதில் மாட்டவேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் வைக்கிற இடம் தயாராக வேண்டும். கனமான இரும்பு அலமாரி. அதைச் சுவரில் முடுக்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் டிரிகர் லாக். தோட்டாவுக்கு வேறு பூட்டு. முக்கியமாகச் சாவி. பூஜையறையில் சாமி படத்துக்குப் பின்னால் சாவி வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மகனுக்கு அந்த இடம் மூன்று வயதிலேயே தெரிந்திருக்கும். மனைவிக்கு லைசென்ஸ் இல்லாதவரை அவர் கையிலும் சாவி இருக்கக்கூடாது. எண் பூட்டானால் எண்ணும் தெரியக்கூடாது. அவரை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் இந்தியா போயிருக்கும்போது அந்த அலமாரிக்குப் பொறுப்பு யார் என்று ஒரு கேள்வி வந்தால் பதில் சுத்தமாக இருக்க வேண்டும்.

உங்கள் நண்பருக்கு இல்லாத ஓர் அபாயமும் உங்களுக்கு இருக்கிறது. அவர் குடிமகன். அஜாக்கிரதையாக வைத்திருந்தார் என்று வழக்கு வந்தால் அபராதம், சிறை, துப்பாக்கி வைத்திருக்கத் தடை, அத்தோடு முடிந்துவிடும். நிரந்தர வசிப்புரிமையில் இருக்கிறவர் பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமுள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலோ, ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ, நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கையில் போய் மாட்டலாம். துப்பாக்கிக் குற்றங்களில் அந்த அளவைத் தொடுபவை பல இருக்கின்றன. யாராவது "சும்மா இரண்டு நாள் உன் வீட்டில் இருக்கட்டும்" என்று ஒரு பையைக் கொடுத்தால் வாங்காதீர்கள், கூடப் பிறந்தவனே ஆனாலும். ஒழுங்காக லைசென்ஸ் வாங்கி ஒழுங்காக வைத்திருப்பது குடியுரிமை விண்ணப்பத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். அப்பாவின் லைசென்ஸ் விஷயத்தை ஊரில் முடியுங்கள். இந்த வசந்தத்தில் மனைவியோடு ஒரு டிராப் ரேஞ்சுக்குப் போங்கள். அவர் சம்மதித்தால் கோடையில் வகுப்பு. நவம்பரில் நண்பரின் துப்பாக்கியோடு, அவர் பக்கத்திலேயே காட்டில் நில்லுங்கள். துப்பாக்கிக் கடைக்கு அடுத்த வருடம் போகலாம்.